பழைய ஸ்க்ரேம்பிளர் வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் சத்தத்தைக் கேட்டு நோயறியும் வழிகள்

தோட்டப்புற இளைஞர்களிடையே ஸ்க்ரேம்பிளர் மோட்டாருக்கு என்றும் மவுசு குறைந்ததில்லை. செம்மண் பாதை, செம்பனை வரிசைகளுக்கு இடையே மழைக்குப் பின் தேங்கும் சேறு, பாலம் இல்லாத ஓடை என எதற்கும் அஞ்சாத வண்டி அது. புதிய வண்டியின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால் பலரும் பழைய வண்டியைத்தான் தேடுகிறார்கள். படத்தில் பார்த்தால் எல்லாம் பளபளப்பாகவே இருக்கும். புது பிளாஸ்டிக், புது ஸ்டிக்கர், புது டயர். ஆனால், அந்த வண்டி சேற்றில் எத்தனை மணி நேரம் உழைத்தது, ஏர் ஃபில்டரைக் கழுவினார்களா, எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்பதைப் படம் சொல்லாது. சத்தம் சொல்லும்.

நேரில் போய் ஸ்டார்ட் செய்ததும் உள்ளே ஏதோ தட்டுகிறது. விற்பவரிடம் கேட்டால், "ஸ்க்ரேம்பிளர்னாலே இப்படித்தான் தம்பி சத்தம் இருக்கும்" என்பார். சில வேளைகளில் அது உண்மையும்கூட. இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பிஸ்டன். காற்றால் குளிரும் இன்ஜினில் சத்தத்தை அடக்க நீர் உறையும் கிடையாது, மூடி மறைக்கும் பிளாஸ்டிக் உடுப்பும் கிடையாது. கப்சாய் ஓட்டிப் பழகிய காதுக்கு நல்ல ஸ்க்ரேம்பிளரின் இயல்பான சத்தமே முரட்டுத்தனமாகத்தான் தோன்றும். ஆகவே, சத்தம் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று கேட்க வேண்டும்.

சூடாக்கி வைத்த வண்டியை நம்பாதீர்கள்

பார்க்கப் போவதற்கு முன்பே, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக இன்ஜின் உறையின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் ஏற்கெனவே சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். காரணம் ஏதும் இல்லாமலும் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால், குளிர்ந்த நிலையில் மட்டும் வெளிப்படும் சத்தங்கள் உண்டு. ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் குறையும் அப்போதுதான் தெரியும். இன்ஜின் முழுதாக ஆறும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்து தேநீர் குடித்துவிட்டு வருவதில் நட்டமில்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் எண்ணெயைப் பாருங்கள். அளவுக்குச்சியை எடுத்து வெள்ளைத் துணியிலோ டிஷ்யூவிலோ துடைத்து வெயிலில் பிடியுங்கள். கறுப்பாக இருப்பது குற்றமில்லை. தே தாரிக் நிறத்தில் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடையில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். நீரால் குளிரும் இன்ஜினாக இருந்தால் வாட்டர் பம்ப் சீலோ கேஸ்கெட்டோ போயிருக்கலாம். தண்ணீர் கலந்த எண்ணெயில் ஓடிய பேரிங் வெகு காலம் தாங்காது. எண்ணெயில் மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் நிறத்தைக் கவனியுங்கள். சாம்பல் வெள்ளை என்றால் பெரும்பாலும் அலுமினியம்; பிஸ்டனோ கிளட்ச் கூடையோ உறையோ தேய்ந்திருக்கும். பொன்னிறம் என்றால் வெண்கலப் புஷ் அல்லது வாஷர். சிறு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஊசி போன்ற துகள்கள் எஃகு. பல்சக்கரம், செயின், பேரிங் என்று சந்தேகம் போகும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. எண்ணெய்க் காசை நீங்களே கொடுத்தாலும் அது மலிவான பரிசோதனைதான்.

என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். தட்டும் இன்ஜினில் மிகக் கெட்டியான எண்ணெயையோ, சத்தம் அடக்கும் மருந்தையோ ஊற்றி விற்பது பழைய தந்திரம். அப்படிப்பட்ட இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அடக்கமாக ஓடும். இருபது நிமிடம் ஓட்டி எண்ணெய் இளகியதும் தட்டத் தொடங்கும். அதனால்தான் குளிரில் ஒரு முறை, நன்றாகச் சூடான பின் ஒரு முறை என இரண்டு தடவை கேட்க வேண்டும். கார் எண்ணெயை ஊற்றியிருந்தால் கிளட்ச் வழுக்கலாம். ஈரக் கிளட்ச் உள்ள மோட்டார்களுக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கும் எண்ணெயே ஏற்றது.

முதலில் இன்ஜின் அல்லாதவற்றை விலக்குங்கள்

"இன்ஜின் போச்சு" என்று பயந்து பட்டறைக்குத் தள்ளி வரப்படும் வண்டிகளில் சிலவற்றுக்கு ஒரு ஸ்பேனர் போதும். இன்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்கள் தளர்ந்திருந்தால் இன்ஜினே தட்டுவதுபோல் கேட்கும். அடியில் இருக்கும் காப்புத் தகடு, சைலன்சரின் வெப்பத் தடுப்பு, ஃபுட்பெக் எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். தொங்கிப்போன டிரைவ் செயின் ஸ்விங் ஆர்மில் அடிக்கும் சத்தத்தை கியர்பாக்ஸ் சத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. வண்டி நின்ற இடத்தில் நியூட்ரலில் சத்தம் இல்லாமல், ஓடும்போது மட்டும் வந்தால் முதலில் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் கசிவும் ஏமாற்றும். சிலிண்டர் தலையில் குழாய் பொருந்தும் இடத்தில் கேஸ்கெட் போயிருந்தால் வால்வு தட்டுவதைப் போலவே 'டிக் டிக்' என்று கேட்கும். அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே அவ்விடத்தில் சவர்க்கார நீரைத் தெளித்தால் குமிழ் விடும்.

காதுக்கு ஒரு கருவி

மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் போல மெக்கானிக்குகளுக்கும் உண்டு. அது இல்லாவிட்டால் நீண்ட ஸ்குரூ டிரைவர் போதும். முனையை இன்ஜின் உறைமீது வைத்து, கைப்பிடியைக் காதின் முன்னுள்ள எலும்போடு அழுத்திப் பிடித்தால், உள்ளே நடப்பது அருகில் கேட்கும். சிலிண்டர் தலை, சிலிண்டரின் நடுப்பகுதி, காந்தச் சக்கரம் இருக்கும் பக்கம், கிளட்ச் பக்கம், அடி உறை என்று ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். எங்கே சத்தம் கூர்மையாகிறதோ அங்கேதான் பிறப்பிடம். சுழலும் செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் அருகே சட்டை நுனியோ துண்டோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் ஓரிரு நிமிடத்திலேயே சுட்டுவிடும்.

மேலே தட்டினால்

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம், கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆகவே, மேலிருந்து வரும் சத்தம் கீழிருந்து வருவதைவிட நிதானமாக இருக்கும். தையல் இயந்திரம் போல ஒழுங்கான, மெல்லிய 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் வால்வு இடைவெளி கூடியிருக்கிறது. தோட்டங்களில் ஓடும் ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற கப்சாய்களில் இந்த இடைவெளி 0.05 மில்லிமீட்டர்தான். ஸ்க்ரேம்பிளர்களில் மாடலுக்கு மாடல் அளவு மாறும். அந்தந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்வது சிறிய வேலை. இந்த ஒரு சத்தத்துக்காக நல்ல வண்டியைக் கைவிட வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. வால்வு இடைவெளி குறைந்துபோனால் சத்தமே வராது. பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட 250, 450 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் தூசு உள்ளே போனால் வால்வின் முகமும் அது அமரும் இருக்கையும் தேயும், வால்வு மேலேறும், இடைவெளி மறையும். இன்ஜின் மிக அமைதியாக ஓடும், ஆனால் ஆறிய பிறகு எத்தனை உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. தள்ளி ஸ்டார்ட் செய்து காட்டும் விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. சிலிண்டர் தலையைக் கழற்றிப் பார்க்கும் செலவு அங்கே காத்திருக்கலாம்.

மேலேயே, ஆனால் ஒழுங்கில்லாமல், தகரத்தில் செயினை உலுக்குவது போன்ற 'கலகல' சத்தம் வந்தால் டைமிங் செயினைச் சந்தேகியுங்கள். ஐட்லிங்கில் கேட்கும், ஆக்சிலேட்டரை முறுக்கிச் சட்டென விடும்போது தெளிவாகக் கேட்கும். செயின் நீண்டிருக்கலாம், அதை அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் சிக்கியிருக்கலாம், செயின் உரசி ஓடும் பட்டை தேய்ந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்த ஓரிரு வினாடிகள் மட்டும் கலகலத்து நின்றுவிட்டால் உடனே பதற வேண்டாம். நிற்காமல் தொடர்ந்தால் தள்ளிப்போடக் கூடாது. செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சில நூறு ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை முழு இன்ஜினையும் இறக்கும் வேலையாகிவிடும்.

நடுவில் தட்டினால்

குளிர்ந்த நிலையில் சிலிண்டரின் நடுப்பகுதியிலிருந்து, வெற்றுத் தகர டின்னைத் தட்டுவது போன்ற சத்தம் வந்து, சில நிமிடங்களில் மறைந்தால் அது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் சாய்ந்து அடிப்பது. அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிந்து இடைவெளியை நிரப்பிவிடுவதால் சத்தம் அடங்குகிறது. லேசாக இருந்தால் அந்த வண்டி இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் பிஸ்டன், ரிங் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்துத்தான் விலை பேச வேண்டும். சூடான பிறகும் நிற்காவிட்டால், கூடவே நீலப்புகையும் வந்தால், சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்கும் வேலை வரைக்கும் போகலாம்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இதை இன்னும் எளிதாகச் சோதிக்கலாம். எக்ஸாஸ்ட் குழாயைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளையும் மேல் போல்ட்டையும் கழற்றி, சிலிண்டரின் துவாரம் வழியே டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டு நேரில் தெரியும். கிக்கை மெல்ல அழுத்திப் பிஸ்டனை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் இருந்தால் அந்த இன்ஜின் ஒரு தடவையாவது இறுகிப் பிடித்திருக்கிறது. பத்து நிமிட வேலை இது. இதற்கு மறுப்புச் சொல்பவரிடம் வண்டி வாங்காமல் வருவதே மேல். இரண்டு ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் துவாரத்தைத் திறந்து மூடும் பவர் வால்வும் ஐட்லிங்கில் லேசாகக் கிலுகிலுக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கியதும் அது மறைந்தால் பெரிய கவலை இல்லை.

மேடு ஏறும்போது மட்டும், டப்பாவுக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வருவது வேறு கதை. எரிபொருள் உரிய நேரத்தில் எரியாமல் தானாகவே வெடிக்கும் சத்தம் அது. கரி படிந்த பிஸ்டன் தலை, காற்று கூடி எரிபொருள் குறைந்த கலவை, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே வெடித்துப்போன ரப்பர், உயர் அழுத்த இன்ஜினுக்கு ரோன்95 ஊற்றுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். ரோன்97க்கு மாற்றியதும் சத்தம் போனால் காரணத்தில் ஒரு பகுதி தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்படியே விட்டு ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

கீழே தட்டினால்

இதுதான் பயப்பட வேண்டிய இடம். அடி உறையிலிருந்து கனமான 'டொக் டொக்' வந்து, இன்ஜின் சூடாகச் சூடாக அது பெரிதானால், கான்ராடின் கீழ்முனைப் பேரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆக்சிலேட்டரை நடுத்தர வேகத்தில் பிடித்து, மெல்லத் தளர்த்திப் பாருங்கள். சுமை மாறும் அந்தக் கணத்தில் தட்டல் எடுப்பாகக் கேட்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில் சிலிண்டரைக் கழற்றினால் கான்ராடைக் கையால் பிடித்தே உறுதிப்படுத்தலாம். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேலும் கீழுமாகத் துளியும் ஆடக் கூடாது.

இந்தப் பழுது ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது? ஸ்க்ரேம்பிளர்களின் கிராங்க் பொதுவாக இரு பாதிகளை ஒரு பின்னால் அழுத்திச் சேர்த்துச் செய்யப்பட்டது. பேரிங்கை மாற்ற இன்ஜினை முழுதாக இறக்கி, உறையைப் பிளந்து, கிராங்கை அழுத்த இயந்திரத்தில் பிரித்து, புதுக் கான்ராட் பொருத்தி, மீண்டும் அழுத்தி, டயல் கேஜ் வைத்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்கு நேராக்க வேண்டும். எல்லாப் பட்டறைகளிலும் அதற்கான கருவி கிடையாது. "அடிச்சு நேராக்கிடலாம்" என்று சொல்லும் இடத்தில் கொடுத்தால் புதிய பேரிங்கும் விரைவில் போய்விடும்.

தட்டாமல், உறுமலாக, வேகம் கூடக் கூட ஏறும் ஓசையாக வந்து, ஃபுட்பெக்கில் நடுக்கமாகவும் உணர்ந்தால் கிராங்கின் பக்கப் பேரிங்குகளைக் கவனியுங்கள். காந்தச் சக்கரத்தின் மூடியைக் கழற்றிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினால் தளர்ச்சி கையில் தெரியும். அந்தச் சக்கரத்தின் நட்டே தளர்ந்திருந்தாலும் கான்ராட் தட்டுவதுபோல் கேட்கும் என்பதால், இன்ஜினை இறக்கும் முன் அதை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

கிளட்ச் பிடியை அழுத்தினால் தெரிந்துவிடும்

செலவில்லாத, மிக எளிய சோதனை ஒன்று உண்டு. சூடான இன்ஜினை நியூட்ரலில் ஐட்லிங்கில் விட்டு, கிளட்ச் பிடியை மெல்ல இழுங்கள். 'கடகட' சத்தம் உடனே அடங்கினால் அது கிளட்ச் கூடையின் அதிர்வு தாங்கிகளோ கியர்பாக்ஸின் பேரிங்கோ எழுப்பும் சத்தம். பிடியை இழுத்த பிறகுதான் சத்தம் பிறக்கிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் பேரிங் தேய்ந்திருக்கும். இழுத்தாலும் விட்டாலும் மாற்றமே இல்லை என்றால் கிராங்க், பிஸ்டன், வால்வு பக்கம் தேடலைத் திருப்ப வேண்டும். லேசான கிளட்ச் கடகடப்போடு பல ஆண்டுகள் ஓடும் வண்டிகள் உண்டு. விலையைக் குறைக்க அது நல்ல காரணம்.

ஹோண்டா சிஆர்எஃப்250ஆர், சிஆர்எஃப்450ஆர் பந்தய வண்டிகளின் பழைய மாடல்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி எண்ணெய். ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது.

பணத்தைவிடப் பெரிய நட்டம்

தட்டும் இன்ஜினை "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று ஓட்டுபவர்கள் நினைக்காத ஒன்று இருக்கிறது. பிஸ்டன் இறுகினாலோ பேரிங் உடைந்தாலோ பின்சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். செம்மண் இறக்கத்தில், ஹெல்மெட் இல்லாமல், பின்னால் தம்பியையும் ஏற்றிக்கொண்டு போகும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் திடீரென மாறினாலோ, வண்டி தானாக இழுவை இழந்தாலோ உடனே கிளட்சை அழுத்திச் சக்கரத்தை விடுவிக்க வேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்த வேண்டும். மீண்டும் ஸ்டார்ட் செய்து "இன்னும் கேட்கிறதா" என்று சோதிக்காமல் தள்ளிக்கொண்டு வருவதே நல்லது.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. அவற்றின் பிஸ்டனுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் போய்ச் சேர்கிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடி, கியரில் வேகமாக இறங்கினால் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் போகாது. இடையிடையே லேசாக முறுக்கிவிட வேண்டும், அல்லது கிளட்சைப் பிடிக்க வேண்டும். கலவை அளவையும் விற்பவரிடம் கேளுங்கள். 30க்கு 1, 32க்கு 1 என்பவை தயாரிப்பாளர்கள் சொல்லும் பரவலான அளவுகள். 32க்கு 1 என்றால் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 156 மில்லிலிட்டர். "ஒரு மூடி ஊத்துவேன்" என்று பதில் வந்தால் அந்தப் பிஸ்டனை டார்ச் அடித்துப் பார்க்காமல் பேச்சை முடிக்காதீர்கள்.

காகிதமும் பேசும்

சத்தம் திருப்தியாக இருந்தாலும் இன்ஜின் எண்ணைக் கிராண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு இன்ஜின் உடைந்து, வேறு வண்டியின் இன்ஜினை ஏற்றியிருந்தால் எண் ஒத்துப்போகாது. பெயர் மாற்றும்போது சிக்கல் உங்களுக்குத்தான். எண் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பந்தயத்துக்கென்றே தயாரிக்கப்பட்டு, பதிவு செய்யப்படாத வண்டிகளுக்குக் கிராண்டும் சாலை வரியும் இருக்காது. அவற்றைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. தோட்டத்து வாசலிலிருந்து பட்டணத்துப் பட்டறை வரைகூட லோரியில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், குளிர்ந்த ஸ்டார்ட்டிலிருந்து சூடாகும் வரையிலான சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் எண்ணெய், எண்ணெய் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் கைப்பேசியை வைத்து மறுபடி பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சத்தம் கூடியிருந்தால் அந்த இரு பதிவுகளையும் மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டுங்கள். "ஏதோ தட்டுதுண்ணே" என்று சொல்வதைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.